ஆடி மாதத்தில் ஒரு கெட்டிமேளம்

கமலவேணி சினிமாவுக்கு இசையமைக்கப் போகிறாள் என்ற சேதி, அவள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்து, டீயும் குடித்து முடித்திருந்தது. முழுப் பொறுப்பும் அவள் புருஷன் வைத்திலிங்கத்தையே சேரும். அவர் அரியலூருக்கும் திருமானூருக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் கொடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பெண்டாட்டி புராணம்தான். "நம்ம வூட்ல படத்துக்கு மியூசிக் போடுறாங்க" என்று ஏறுகிறவர்களிடம் சொன்னார், இறங்குகிறவர்களிடம் சொன்னார், காதில் வாங்காதவர்களிடம் மீதிச் சில்லறையோடு சேர்த்து இன்னொரு முறை சொன்னார். காலையில் கரும்பு வெட்டப் போன பெண்கள் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்பும்போது, "படம் எப்ப வருது கண்டக்டரே" என்று கேட்டார்கள். படத்துக்கு அப்போது பெயர்கூட வைத்திருக்கவில்லை.

கமலவேணிக்குச் சந்தோஷம் வந்தால் பசிக்கும். சிலருக்குக் கண் கலங்கும், சிலருக்குப் பேச்சு வராது, இவளுக்கு வயிறு. அன்று பஸ் ஸ்டாண்டு கடையில் பரோட்டா சாப்பிட்டாள், ரோஸ்மில்க் குடித்தாள், அதற்கும் அடங்காமல் வறுகடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள். நாற்பதைத் தாண்டிய பெண் இப்படி ரோட்டில் தின்றுகொண்டு போகலாமா என்று யாராவது கேட்டிருந்தால், "நான் மியூசிக் டைரக்டருங்க" என்று சொல்லத் தயாராக இருந்தாள். பாவம், யாரும் கேட்கவில்லை.

அவளுடைய சினிமா ஆசை காது வழியாக வந்தது. விக்கிரமங்கலத்தில் அவள் அப்பா முத்துவேல் மைக்செட் வைத்திருந்தார். காதுகுத்தோ கல்யாணமோ, மரத்தின் உச்சியில் குழாயைக் கட்டி ஒலிச்சித்திரம் போடுவார். முழுப் படத்தின் வசனமும் இசையும் கேசட்டில் வரும், படம் மட்டும் வராது. ஊரே வேலை செய்துகொண்டு கேட்கும். வசனம் நின்றுபோகிற இடங்களில் மற்றவர்கள் பேச்சை ஆரம்பித்துவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கமலவேணி அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்வாள். வருகிறவன் நல்லவனா கெட்டவனா, கதவு திறக்குமா திறக்காதா என்பதையெல்லாம் யாரும் பேசாத அந்த நேரத்தில் வயலின்கள் சொல்லிவிடும்.

அப்படி ஒரு வில்லனை வயலின் வழியாகவே தெரிந்துவைத்திருந்தாள். பிறகு டவுன் தியேட்டரில் அதே படத்தைப் பார்த்தபோது ஆள் குள்ளமாக இருந்தான். முதலில் பெரிய ஏமாற்றம். இத்தனை நாள் அவனை உயரமாகக் காட்டியது வயலின்தான் என்று புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வில்லன் கத்தியை உருவுகிற நேரத்தில் அந்தத் தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்த ஒரே பிள்ளை அவள்தான். முத்துவேல் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். குள்ளமானவனை உயரமாக்குகிற அந்த வேலையைத்தான் செய்ய வேண்டும், திரையில் 'இசை' என்று போட்டு அதற்குக் கீழே தன் பெயர் வரவேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டினால் போதுமா? பெரம்பலூர், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், சோளமும் பருத்தியும் போடுகிறார்கள், படம் எடுப்பதில்லை. ஆகவே கமலவேணி ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்து கீபோர்டு வாசித்தாள். குழுவின் நோட்டீஸில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், ஜெனரேட்டர் வாடகைக்கு விட்டவர் போட்டோவோடு இருப்பார். இவள் 'மற்றும் குழுவினர்' என்ற வரிக்குள் எங்கோ இருப்பாள். குழுவுக்கு மூளை என்னவோ இவள்தான். சென்னையில் ஒரு மண்டபம் நிறைய வயலின் வைத்து வாசித்த பாட்டை, ஒரு கீபோர்டு, ஒரு புல்லாங்குழல், ஒரு தபேலாவுக்குள் மடக்கிப் போட்டு, கேட்கிறவர்களுக்குக் குறையே தெரியாமல் செய்துவிடுவாள். எழுதிக் கொடுக்கிற பழக்கம் கிடையாது. அவரவர் பங்கை அவரவர் காதில் பாடிவிடுவாள். வாட்ஸ்அப் வந்த பிறகு வாய்ஸ் மெசேஜில் பாடி அனுப்பினாள். புல்லாங்குழல்காரருக்கு அனுப்ப வேண்டியது ஒருமுறை கேஸ் ஏஜென்சிக்குப் போய், அவர்கள் அதற்குக் கைதட்டும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவைத்தார்கள்.

பூலாம்பாடியில் ஒரு கல்யாண வரவேற்பில்தான் விதி திரும்பியது. பாட்டுக்கு நடுவே கரண்டு போனது. ஜெனரேட்டரும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. கரண்டு இல்லாத கீபோர்டும் பலகையும் ஒன்றுதான். கமலவேணி மேடையை விட்டு இறங்கிப் பந்திக்குப் போனாள். அங்கே மறுநாள் முகூர்த்தத்துக்காக வந்திருந்த நாதஸ்வரக் கோஷ்டி பாயசத்தில் இருந்தது. அவர்களை எழுப்பிக் கூட்டிவந்து வயலின் பகுதியை நாதஸ்வரத்துக்குக் கொடுத்தாள். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பேண்டு செட்டின் டிரம்பெட்டை வாசலிலேயே நிற்கவைத்து, தூரத்திலிருந்து பதில் சொல்ல வைத்தாள். சமையல்காரர்கள் அண்டாவைத் தட்டினார்கள். செல்போன் வெளிச்சத்தில் பாட்டு மறுபடியும் எழுந்தபோது கூட்டம் சாப்பாட்டை மறந்து நின்றது.

அந்தக் கூட்டத்தில் காதர் பாட்சாவும் இருந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஆயுசில் பாதியைக் குவைத்தில் மளிகைக் கடையில் கழித்துவிட்டு இப்போதுதான் ஊரோடு வந்து சேர்ந்தவர். அவருடைய தங்கை மகன் அன்சார் சென்னையில் சினிமா படித்துவிட்டு வந்து, மாமாவைப் படம் எடுக்கச் சொல்லிக் குடைந்துகொண்டிருந்தான்.

"யம்மா, கரண்டு இல்லாமயே இப்படி வாசிக்க வக்கிறியே, கரண்டு இருந்தா என்ன செய்வே?" என்று கேட்டார் பாட்சா.

"கரண்டு இருந்தா பிளக் பாயிண்ட் வேலை செய்யாது பாய்."

பாட்சா சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. அங்கேயே சொல்லிவிட்டார், தம் படத்துக்கு இவள்தான் மியூசிக் என்று.

மாமா சொன்னதை மருமகன் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. அன்சார் கெட்ட பையன் இல்லை. ஆனால் அவன் லேப்டாப் நிறைய வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ரா ரெடிமேடாக இருந்தது. பட்டனைத் தட்டினால் அழும், இன்னொன்றைத் தட்டினால் அதட்டும். கல்யாணக் கச்சேரிக்காரர்களை நம்பி இறங்க அவனுக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, ஒரு நாள் ரெக்கார்டிங். கடைசி சீன் மட்டும். அது எனக்குப் புடிச்சிருந்தா படம் முழுக்க நீங்கதான். இல்லேன்னா லேப்டாப்ல இருக்கிறதப் போட்டுக்குவேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றான். கடைசியில் பெயர்கள் ஓடுகிற பகுதியைப் போனில் காட்டினான். 'இசை' என்பதற்குக் கீழே காலியாக விட்டிருந்தான். கமலவேணி அந்தக் காலி இடத்தைப் பார்த்த பார்வையில், பக்கத்தில் நின்ற வைத்திலிங்கத்துக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

படத்துக்கு 'ஏழரை மணி ஃப்ளைட்' என்று பெயர் வைத்தார்கள். உடையார்பாளையம் பக்கத்துக் கொத்தனார் ஒருவனும் அவன் பெண்டாட்டியும்தான் கதை. கடைசிக் காட்சியில் அவன் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேன் ஏறுகிறான். வேன் கிளம்புகிற வரை அவள் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கிளம்பியதும் அடுப்படிக்கு ஓடி, வாய்விட்டு அழுகிறாள். நடித்த பெண் நிஜமாகவே கதறியிருந்தாள். அந்த அழுகைச் சத்தத்தில் அன்சாருக்கு அத்தனை பெருமை, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவான். கமலவேணி அந்த இடத்துக்குத் தனிப் புல்லாங்குழல் ஒன்று கட்டினாள். நல்ல மெட்டு. வைத்திலிங்கம் அதைக் கண்டக்டர் விசிலில் ஊதிப் பார்க்க, டிரைவர் குழம்பி நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தினார்.

ரெக்கார்டிங்குக்குப் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபம் சுலபமாகக் கிடைத்தது. ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை. வாசிக்கிறவர்களும் சும்மாதான் இருந்தார்கள். பேண்டு செட்டிலிருந்து டிரம்பெட், பஜனைக் குழுவிலிருந்து புல்லாங்குழல், லப்பைக்குடிக்காட்டிலிருந்து தஃப் என்கிற கைமேளம் அடிக்கிறவர்கள், உடையார்பாளையத்திலிருந்து தவில்காரர் ஆண்டவரும் நாதஸ்வரம் வாசிக்கும் அவர் தம்பியும் என்று ஒரு படையே வந்து இறங்கியது. ஆண்டவர் ஆஜானுபாகுவான ஆள். கோயிலில் வாசிப்பு இருந்தாலும் ஆடியில் கெட்டிமேளம் கொட்ட வழியில்லை என்று கை பரபரத்துக்கொண்டிருந்தார்.

ஃபேன் சத்தம் பதிவாகும் என்று எல்லாவற்றையும் அணைத்தான் அன்சார். ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிறது என்று அதையும் சாத்தச் சொன்னான். உள்ளே வேர்த்துக் கொட்டியது. மணமேடைக்கு எதிர்ச் சுவரில் படம் ஓடியது. வசனமும் மற்ற சத்தமும் அன்சார் காதிலும் கமலவேணி காதிலும் மட்டும் ஹெட்போனில் கேட்கும். மற்றவர்கள் படத்தையும் கமலவேணியையும் பார்த்து வாசிக்க வேண்டும். அவர்கள் படத்தை மட்டும் பார்த்தார்கள். முதல் முறை டிரம்பெட்காரர் வாசிக்கவே மறந்து, "அடுத்து என்ன ஆவுதுங்க?" என்று கேட்டார். இரண்டாவது முறை, அவர் சும்மா இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஊதினார். கேட்டதற்கு, கூலி வாங்கிக்கொண்டு சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கிறது என்றார்.

ஒத்திகையெல்லாம் கமலவேணி வீட்டில் நடந்தபோது அவள் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து தலையசைத்துத்தான் நடத்தினாள். இங்கே அன்சார், "எழுந்து நின்னு கையால காட்டுங்க அக்கா, சென்னைல அப்படித்தான்" என்றான். அவளுக்கும் ஆசைதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணமேடைப் படியில் ஏறி நின்றாள். கடைசிக் காட்சி வந்தது. வேன் கிளம்பியது. அடுப்படி. புல்லாங்குழலுக்குச் சைகை காட்ட, கமலவேணி ஆள்காட்டி விரலைத் தூக்கினாள்.

மண்டபமே அதிரும்படி கெட்டிமேளம் கொட்டினார் ஆண்டவர். நாதஸ்வரம் கூடவே எகிறியது. புல்லாங்குழல்காரர் பயத்தில் குழலைத் தவறவிட்டார்.

"அண்ணே, என்னண்ணே இது?"

"தங்கச்சி, சத்தியமா நான் அடிக்கல. கை அடிச்சிருச்சு. கூட்டத்துல எவனாச்சும் ஒரு வெரலத் தூக்குனா அடிச்சுத்தான பழக்கம்?"

அது உண்மைதான். தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம் விரலைத் தூக்கி ஆட்டுவார்கள். அந்த ஒரு விரலுக்குக் காத்திருப்பதே தவில்காரர் பிழைப்பு. சரி, விரலைத் தூக்காமல் காட்டுகிறேன் என்றாள் கமலவேணி. கை கேட்க வேண்டுமே. மெட்டு வந்ததும் விரல் தானாக எழுந்தது, தவில் தானாக முழங்கியது. அடுத்த முறை ஆண்டவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி விரலைப் பார்த்துவிட்டு நாதஸ்வரத்தைத் தூக்க, அந்தச் சத்தத்துக்கு ஆண்டவர் கொட்டினார். தஃப்காரர்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. டிரம்பெட்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கமலவேணியும் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்காதவன் அன்சார் ஒருவன்தான்.

அவன் பதிவானதைப் படத்தோடு சேர்த்து ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பெண் வாயைத் திறந்து கதறுகிறாள், கெட்டிமேளம் அந்தக் கதறலை முழுசாக முழுங்கிவிட்டது.

"போதும் அக்கா. அழுகிற சத்தமே கேக்கல. படத்தோட உசுரே அதுதான்" என்று லேப்டாப்பை மூடினான். "தப்பா நெனச்சுக்காதீங்க. நான் ரெடிமேடே போட்டுக்கறேன்."

சிரிப்பு நின்றது.  'இசை' என்பதற்குக் கீழே இருந்த அந்தக் காலி இடம் கமலவேணியின் கண்ணுக்குள் வந்து நின்றது. ஆண்டவர் தவிலை உறைக்குள் போட்டபடியே, தம்மால்தான் எல்லாம் கெட்டது என்று புலம்பினார். "நல்ல காரியத்துல அழுகச் சத்தமோ அபசகுனமோ காதுல வுழக் கூடாதுன்னுதான் அந்த மேளத்தையே அடிக்கிறது. இங்க வந்து அழுற எடத்துல அடிச்சுட்டேனே."

கமலவேணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அன்சாரிடம் போய், மூடிய லேப்டாப்பின் மேல் கையை வைத்தாள்.

"தம்பி, அந்தப் புள்ள எதுக்கு வேன் போற வரைக்கும் சிரிக்கிறா?"

"புருசன் போறப்ப அழக் கூடாதுல்ல."

"வேன் தெருவத் தாண்டுச்சா?"

அன்சார் யோசித்தான். "இல்ல. சத்தம் கேக்கிற தூரத்துலதான் இருக்கு."

"அப்ப அவ வாய்விட்டு அழுதா அவன் காதுல வுழுமே. வுழக் கூடாதுன்னுதான அவ அடுப்படிக்கு ஓடுறா? அந்த அழுகச் சத்தத்த எடுத்துடு. மேளத்த வச்சு நான் மூடுறேன். ஒரே ஒரு தடவ போட்டுப் பாரு. புடிக்கலேன்னா நான் கெளம்பிடுறேன்."

தன் பெருமைக்குரிய அழுகையை அழிக்கச் சொன்னதில் அன்சாருக்கு முகம் சுருங்கியது. மூலையில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்தான். பாட்சா, "ஒரு தடவதான, பாரேன்" என்றார்.

புல்லாங்குழலை வேன் கிளம்புவதற்கு முன்னால் தள்ளினாள் கமலவேணி. தஃபை வேனோடு ஓடவிட்டாள். ஆண்டவரைத் தவிலை மறுபடியும் எடுக்கச் சொன்னாள். அவருக்கு ஒரே கவலை, எப்போது நிறுத்துவது என்று.

"கல்யாணத்துல எப்பண்ணே நிறுத்துவீங்க?"

"மூணாவது முடிச்சு வுழுந்ததும்."

"அவ முந்தானையால வாயப் பொத்துறா பாருங்க, அதான் மூணாவது முடிச்சு."

வேன் கிளம்பியது. கமலவேணி இந்த முறை தெரிந்தே, கை முழுக்கத் தூக்கி, விரலை ஆட்டினாள். ஒரு மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார் ஆண்டவர். சுவரில் அந்தப் பெண் வாயைத் திறந்தாள், மேளம் மட்டுமே கேட்டது. முந்தானை வாய்க்குப் போனது. மேளம் சட்டென்று நின்றது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. 

அன்சார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். பிறகு, "இன்னொரு தடவ போடவா அக்கா? ரெக்கார்டுக்கு இல்ல. சும்மா கேக்கணும்" என்றான். காதர் பாட்சா எழுந்து, சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்க் காற்றில் நின்றார். கமலவேணி மணமேடைப் படியிலேயே உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் திணறினாள்.

படம் முழுவதுக்கும் அவளே இசையமைத்தாள். பெரம்பலூரில் ஒரு தியேட்டரைப் பிடித்து வெளியிட்டார்கள். வைத்திலிங்கம் தன் பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிப் பேரைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். கமலவேணி பின்னால் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் காதர் பாட்சாவின் மனைவி ஹஃபீசா, அவருக்கு அந்தப் பக்கம் பாட்சா. இந்தக் காலத்துப் பையன்கள் பெயரையெல்லாம் கடைசியில்தான் போடுகிறார்கள், ஆகவே கமலவேணி படத்தைப் பார்க்காமல் படத்தின் முடிவுக்காகக் காத்திருந்தாள்.

கடைசிக் காட்சியில் கெட்டிமேளம் முழங்கியதும் எவரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மேளம் கேட்டால் அட்சதை போட்டே பழகிய கைகள். முன்வரிசைப் பெண்கள் கையிலிருந்த பாப்கார்னை எடுத்துத் திரையை நோக்கிப் போட்டார்கள். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே தெரிந்தது. சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மேளம் நின்றது. நின்ற இடத்தில் தியேட்டரும் நின்றுபோனது. எங்கோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள், பிறகு இன்னொருத்தி.

ஹஃபீசா கமலவேணியின் கையைப் பிடித்தார்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"என்னக்கா?"

"நான் பாத்ரூம் கொழாயத் தொறந்து வுட்டுட்டுத்தான் அழுவேன். ஒவ்வொரு தடவ இவங்க குவைத்துக்குப் போறப்பவும். வேன் தெருவத் தாண்டுற வரைக்கும் தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும். ஒரு பய காதுல வுழுந்ததில்ல."

அந்தப் பக்கத்திலிருந்து பாட்சாவின் குரல் இருட்டில் வந்தது. "அங்க போய் எறங்கி போன் பண்ணுனா, டேங்க்ல தண்ணி இல்லேம்பா. நான் லீக்குன்னு நெனச்சு, வருசா வருசம் பிளம்பர அனுப்புனேன்."

"அவனும் வந்து வந்து பாத்துட்டுப் போவான்" என்றார் ஹஃபீசா.

ஹஃபீசாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பாட்சாவுக்கு. பிறகு பாட்சாவின் சிரிப்பு வேறு மாதிரி ஆனது, அவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஹஃபீசா ஒரு கையால் அவர் முதுகைத் தடவினார், இன்னொரு கை கமலவேணியின் கையை விடவில்லை. கமலவேணி அவர்கள் இருவரையுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் எரிந்தன. முன்வரிசையிலிருந்து வைத்திலிங்கம் சீட்டுகளுக்கு நடுவே இடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வேணி, பேரு வந்துச்சே. எம்மாம் பெருசா வந்துச்சு. பாத்தியா?"

கமலவேணி திரையைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"பாக்கலீங்க" என்றாள். "ஹஃபீசாக்கா பேசிட்டிருந்தாங்க."

ஓடுகிற பஸ்ஸைத் தவறவிட்டவளைப் பார்ப்பது மாதிரி வைத்திலிங்கம் அவளைப் பார்த்தார். அவளுக்கோ கொஞ்சமும் வருத்தம் வரவில்லை. நாளைக்கும் படம் ஓடும், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, ஹஃபீசாவின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியே நடந்தாள்.